ஜெய்சால்மரை ஒரே நாளில் குடும்பத்தோடு பார்த்துவிட முடியுமா?

கேள்வி: ராஜஸ்தான் சுற்றுலாவில் ஜோத்பூர் வரை வருகிறோம். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. வயதான அம்மா அப்பா, இரண்டு குழந்தைகளுடன் ஜெய்சால்மர் போய்வரலாமா?

போய்வரலாம். ஆனால் விடிகாலையில் காரில் கிளம்பி அன்றிரவே திரும்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு வழிக்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம் ஆகும். குழந்தைகள் பார்ப்பது கார் கண்ணாடியை மட்டும்தான். இரவு ரயிலிலோ ஸ்லீப்பர் பஸ்ஸிலோ போய், மறுநாள் இரவு அதே மாதிரி திரும்புவதுதான் சரி. வண்டி நள்ளிரவு 12 மணிக்கு மேல் கிளம்புவதாக இருந்தால் எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கிறோம் என்று இரண்டு முறை பாருங்கள். பலர் தவறவிடுவது இங்கேதான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் குடும்பத்தோடு போகிற காலம். ஏப்ரலுக்கு மேல் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகாதீர்கள்; வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

நாட்டின் மேற்குக் கோடி என்பதால் அங்கே பொழுது தாமதமாக விடியும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் எழ ஏழரை மணி ஆகிவிடும். ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டும் குளிரும்தான். ஆகவே பகலுக்கு மட்டுமாவது ஒரு ரூம் முன்பதிவு செய்யுங்கள். காலையில் குளிக்கவும், மதியம் பெரியவர்கள் படுக்கவும், பெட்டிகளை வைக்கவும் அது வேண்டும். கோட்டைக்குள்ளே இருக்கும் ரூம்களைத் தவிர்த்து வெளியே எடுங்கள். 1156-ல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெய்யும் ஊருக்காகக் கட்டியது அது. குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் அடியில் கசிந்து, சில கொத்தளங்களே சரிந்திருக்கின்றன. நாம் அங்கே குளிக்கும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அந்த அஸ்திவாரத்துக்குள்தான் இறங்குகிறது.

வெளிச்சம் வந்ததும் முதலில் கடிசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் வெட்டிய குளம், ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர். முக்கால் மணி நேரம் போதும்.

ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் இருங்கள். அடுத்தடுத்து நான்கு வாயில்கள், வளைந்து ஏறும் கல் பாதை. கல் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி செருப்பு அவசியம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேலே சௌக் (கோட்டைக்குள் உள்ள சதுக்கம்) வரை ஆட்டோ வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே போனதும் அரண்மனைக்குள் நுழையாமல் நேரே சமணக் கோயில்களுக்குப் போங்கள். அரண்மனை மாலை வரை திறந்திருக்கும். கோயில்களில் வெளியாட்களைப் பெரும்பாலும் நண்பகல் வரைதான் விடுவார்கள். பெல்ட், பர்ஸ் உட்படத் தோல் பொருள் எதுவும் உள்ளே கூடாது. மஞ்சள் மணற்கல்லில் அப்படி ஒரு நுணுக்கமான செதுக்கல்! பழைய ஓலைச்சுவடிகளைக் காக்கும் ஞான பண்டாரமும் அங்கேதான் இருக்கிறது.

ஹவேலிகள் எனும் பழைய மாளிகைகளை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம், சந்துகளில் நிழல் இருக்கும். பட்வோன் கி ஹவேலி என்பது ஐந்து வீடுகளின் தொகுப்பு. ஒன்றுக்குள் மட்டும் போனால் போதும். நத்மல் ஹவேலியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சகோதரர்கள் இருவர் ஆளுக்கொரு பக்கம் செதுக்கியது என்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை. எங்கெங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கேர் சாங்ரியும் (பாலைவனக் காய்களில் செய்யும் கறி) கம்பு ரொட்டியும் பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்குக் கடியும் சாதமும் சொல்லுங்கள், நம் மோர்க்குழம்பு மாதிரி இருக்கும், காரத்தை மட்டும் குறைக்கச் சொல்ல வேண்டும். லஸ்ஸி வாங்கும்போது பாங் (கஞ்சா இலையை அரைத்த போதைப் பொருள்) கலக்காததுதானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே பாங் கடை வெளிப்படையாகவே நடக்கிறது. 'ஸ்பெஷல்' என்று எழுதியிருந்தால் குழந்தைகள் பக்கமே வரக்கூடாது.

மூன்று மணிக்குக் கார் கிளம்ப வேண்டும். சாம் மணல்மேடு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில், கைவிடப்பட்ட பழைய ஊரான குல்தாராவில் அரை மணி நேரம் நிறுத்தலாம். பேய்க்கதை சொல்லியே அந்த ஊரை விற்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அங்கே வாழ்ந்த பாலிவால் மக்கள், மழைநீரை மண்கரையால் தேக்கி, வடிந்த ஈரத்தில் கோதுமை விளைத்தவர்கள். அந்தக் 'கடீன்' முறை அந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்ல அதுவே போதும்.

சாமில் கூட்டம், பாட்டு, ஜீப் சத்தம் எல்லாம் அதிகம். அமைதி வேண்டுமென்றால் கூரி என்ற இன்னொரு மணல்மேட்டு ஊர். தூரம் ஏறத்தாழ அதேதான், வசதிகள்தான் குறைவு. எங்கே போனாலும் ஒட்டகத்தில் ஏறும் முன் பேசி முடிக்க வேண்டியவை: கட்டணம் ஒட்டகத்துக்கா ஆளுக்கா, எத்தனை நிமிடம், திரும்பக் கொண்டுவந்து விடுவதும் சேர்த்தா. பாதியில் நிறுத்தி 'இன்னும் மேலே போகக் கூடுதல்' என்பது வழக்கமான தகராறு.

விழுவது பெரும்பாலும் ஒட்டகம் எழும்போதும் உட்காரும்போதும்தான். எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். இரண்டிலும் நம்மை முன்பக்கம்தான் தள்ளும். ஆகவே இரண்டு முறையும் பின்னால் சாய்ந்து, சேணத்தின் பிடியை இறுகப் பிடிக்க வேண்டும். புடவையோடு ஒருபக்கமாக உட்காருவது ஆபத்து, சுடிதாரோ பேன்ட்டோ போடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒட்டக வண்டி இருக்கிறது, அதுவே போதும். மணல்மேட்டில் ஜீப் சவாரி குழந்தைகளோடு வேண்டவே வேண்டாம். பின்னால் கம்பியைப் பிடித்து நிற்க வைத்து ஓட்டுவார்கள். சரிவில் கவிழ்ந்தால் பிடிமானம் எதுவும் கிடையாது.

டிசம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன், ஜனவரியில் ஆறேகால் வாக்கில் அஸ்தமனம். அடுத்த அரை மணிக்குள் குளிர் இறங்கிவிடும். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் ரூமில் கிடக்கும் பெட்டியில் இல்லாமல் காரில் இருக்க வேண்டும். உதட்டுக்கு வாசலின், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மொபைலுக்கு ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவர். நுண்மணல் சார்ஜர் துளைக்குள் புகுந்துவிடும்.

மணல்மேட்டுப் பக்கம் உள்ள கூடார முகாம்களில் தங்காமல், கால்பேலியா நடனமும் இரவுச் சாப்பாடும் மட்டும் எடுக்கலாம். எந்த முகாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், டிரைவரிடம் விட்டால் கமிஷன் கிடைக்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இருட்டில் மாடும் ஒட்டகமும் சாலையில் நிற்கும், வேகமாக ஓட்ட முடியாது. ஊர் வந்து சேர ஒரு மணி நேரம், பெட்டி எடுத்து ஸ்டேஷன் போக இன்னொரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பாகிஸ்தான் எல்லைப் பக்கம் உள்ள லோங்கேவாலா, தனோட் இரண்டையும் இந்த நாளில் சேர்க்காதீர்கள்; அவை 100 கிலோமீட்டருக்கு மேல், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.