மெய்யான மழை, மெய்யான தூள்: விளம்பரப் படப்பிடிப்பு குறித்த கேள்வி பதில்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையை ஒட்டிய கொட்டகையில் இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் வேலை செய்துவருகிறேன். கணினியில் வரைந்து சேர்ப்பதன்று; கேமராவின் முன்னால் மெய்யாகவே மழையைப் பெய்யவும் தூளைப் பறக்கவும் ஆவியை எழவும் வைப்பது. நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: விரலி மஞ்சள் வந்து விழ, தூள் மெதுவாக மேலெழும்பும் காட்சியை ஒரு விளம்பரத்தில் பார்த்தேனுங்க. அது கணினி வேலையா, உண்மைத் தூளா?

பெரும்பாலும் உண்மைத் தூள்தான். நொடிக்கு 1000 படங்கள் எடுக்கும் அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து, நொடிக்கு 25 படங்களாக ஓட்டினால் ஒரு நொடி நிகழ்வு நாற்பது நொடிகளாக நீளும். திரையில் நீங்கள் இரண்டு நொடி பார்த்த அந்த மஞ்சள் மேகம், படப்பிடிப்பில் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிந்திருக்கும். கண் சிமிட்டினால் போயிற்று என்பதால், கேமரா தன் நினைவகத்தில் ஓயாமல் பதிந்துகொண்டே இருக்க, எல்லாம் நடந்து முடிந்த பிறகே நாங்கள் பொத்தானை அழுத்துகிறோம். அதற்கு முந்தைய சில நொடிகள் அப்படியே சேமிக்கப்பட்டுவிடும்.

தூளை எழுப்புவது, பலகைக்கு அடியில் பொருத்திய குழாய்முனை வழியாக வரும் கம்ப்ரசர் காற்று. மின்சாரத்தால் சட்டென்று திறக்கும் சோலனாய்டு வால்வு அந்தக் காற்றைத் திறந்துவிடுவதும் விரலி தொடுவதும் ஒரே கணத்தில் அமைய வேண்டும். வால்வு சற்று முந்தினாலும், விரலி தொடும் முன்பே தூள் விலகி, விளம்பரம் பொய்யென்று பார்ப்பவர் மனத்துக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு படமும் பதிய மிகக் குறைந்த நேரமே கிடைப்பதால், வழக்கத்தைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு வெளிச்சம் தேவைப்படுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு மெதுவோட்டத்தில் படம் முழுவதும் துடிக்கும். தடித்த இழை கொண்ட பத்துக் கிலோவாட் விளக்குகளை நாங்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அந்த இழை சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு துடிப்பைக் குறைத்துவிடும் என்பதே.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றில் பரவிய மஞ்சள்தூள், மாவு எதுவாயினும் தீப்பற்றக்கூடியது. தொழிலுக்கு வந்த புதிதில், அடுப்பு எரியும் சமையல் காட்சிக்கு அருகிலேயே தூளைப் பறக்கவிட்டோம். குப்பென்று ஒரு மஞ்சள் தழல் எழுந்து என் உதவியாளரின் புருவத்தைக் கருக்கிவிட்டது. நல்லவேளையாகக் கண் தப்பியது. அன்றிலிருந்து தூள் பறக்கும் இடத்தில் அடுப்போ கற்பூரமோ ஏற்றுவதில்லை. எல்லாக் கதவுகளையும் திறந்துவைக்கிறோம். விளக்குகளைத் தள்ளியே நிறுத்துகிறோம். யாராக இருந்தாலும் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்தால்தான் உள்ளே விடுகிறோம்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: எங்கள் ஊரில் ஆடியில் சாரல் ஓய்வதே இல்லை. அப்போதும் டேங்கர் லாரி கொண்டுவந்து மழை பெய்விக்கிறார்களே, ஏன் ஐயா?

இயற்கை மழை பெரும்பாலும் கேமராவில் தெரிவதில்லை. சாரலின் துளிகள் சிறியவை. மேகமூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழுவதால் அவை மின்னுவதும் இல்லை. நாங்கள் குழாயை உயரத்தில் கட்டி, நீரை மேல்நோக்கிப் பீச்சிவிடுகிறோம். அது மேலே போய் உடைந்து, தாரையாக அல்லாமல் தனித்தனித் துளிகளாக இறங்கும். பின்னாலிருந்து ஒரு விளக்கு அடித்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். பம்பு செட்டுக்குப் பேர்போன ஊரில் இருப்பதால், வேண்டிய அழுத்தத்துக்கு ஏற்ற மோட்டாரைத் தேடி நான் அலைந்ததே இல்லை.

தண்ணீரில்தான் ஒருமுறை சறுக்கினேன். கறுப்பு நிற வண்டி ஒன்றின் மீது போர்வெல் தண்ணீரில் மழை விட்டோம். உச்சி வெயிலில் அது காய்ந்ததும், வண்டி முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளி வைத்ததுபோல் உப்பு படிந்துவிட்டது. நால்வர் வெள்ளைத் துணியால் துடைத்துத் தீர்க்க மாலையாயிற்று. இப்போது பளபளப்பான பொருள் என்றால் சிறுவாணித் தண்ணீர் அல்லது சுத்திகரித்த நீர்தான்.

கோவை, கிரைண்டர் தயாரிப்பாளர்: மாவு பொங்கிவருவதைக் காட்டச் சோப்பு நுரை கலக்கிறார்களாமே, அது தவறில்லையா?

தவறுதான், என்னிடமும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். தக்காளியின் மேல் கிளிசரின் கலந்த நீரைத் தெளித்து, துளி வழியாமல் நிற்கவைப்பது வேறு. அங்கே நாம் தக்காளியை விற்கவில்லை. கிரைண்டரை விற்கும்போது அது ஆட்டிய மாவுதான் சான்று. அந்தச் சான்றில் கைவைத்தால் வாங்குபவரை ஏமாற்றுகிறோம். அமெரிக்காவில் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனத்தின் சவரக் கிரீம் விளம்பரத்தில், உப்புத்தாளையே மழித்துக்காட்டுவதாகச் சொல்லிவிட்டு, மணல் ஒட்டிய பிளாஸ்டிக் கண்ணாடியை மழித்தார்கள்; 1965இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏமாற்று என்றது. விளக்குச் சூட்டில் உருகாதிருக்க, ஐஸ்கிரீமுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கை வைப்பது, அதைப் பொருளின் தரத்துக்குச் சான்றாகக் காட்டாதவரை வேறு விஷயம் என்றும் அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022இல் நெறிமுறைகள் வந்துள்ளன. நன்றாக ஊறிய உளுந்தைப் பதமாக ஆட்டி, பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பாருங்கள். நுரைக்கு அவசியமே இருக்காது.

திருப்பூர், பனியன் கம்பெனி மேலாளர்: ஆளில்லாமல் பனியன் காற்றில் மிதப்பது எப்படி?

மெல்லிய மீன்பிடி நரம்பில் கட்டி, அடியிலிருந்து மின்விசிறி. நரம்பைப் பிறகு கணினியில் அழித்துவிடுவார்கள்.

கரூர், இல்லத்தரசி: நான் வீட்டில் எடுக்கும் சமையல் வீடியோவில் இட்லி ஆவி தெரிவதே இல்லைங்க.

பின்னணியைக் கறுப்பாக்குங்கள், சன்னல் வெளிச்சம் இட்லிக்குப் பின்னாலிருந்து வரும்படி தட்டைத் திருப்புங்கள். அதிகாலைக் குளிர்ச்சியில் எடுங்கள். அறை சூடாக இருந்தால் ஆவி குளிர்ந்து துளியாகும் முன்பே கலைந்துவிடும்.

நாமக்கல், டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவர்: இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும் அண்ணா?

தம்பி, நீங்கள் படிப்பதே பொருத்தமான படிப்பு. வெல்டிங்கும் லேத்தும் கையில் பழகட்டும். செல்பேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இருந்தால் இன்றே தொடங்கலாம். தட்டில் பாலை மெல்லிய படலமாக ஊற்றி, மேலிருந்து ஒரு சொட்டுப் பால் விடுங்கள். அது தெறித்துக் கிரீடம்போல் எழும். 1957இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு எட்ஜர்டன் எடுத்த புகழ்பெற்ற படம் அதுதான். பால் சற்று ஆழமானாலும் கிரீடம் கெட்டுப்போகும். சொட்டின் உயரம், பாலின் ஆழம், வெளிச்சம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து முறை தொடர்ந்து ஒரே மாதிரி கிரீடம் வந்ததும் அந்த நோட்டோடு கணபதிக்கு வாருங்கள்.