காதல் போட்டியில் போர் எங்கே?

கேள்வி: பசலைக்கீரை தின்று பலம் பெறும் மாலுமி பாப்பாயும் அவன் எதிரி புளூட்டோவும் கடற்படைச் சீருடையில் ஆலிவ் ஆயில் என்ற பெண்ணுக்காக அடித்துக்கொள்ளும் அமெரிக்கக் கார்ட்டூன்களைச் சென்ற இதழில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரச்சாரக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். அவற்றில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. சிறுவர்கள் பார்த்துச் சிரிக்கும் படங்களில் அரசியலைத் தோண்டுவது உங்களுக்குப் பொழுதுபோக்கா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: குண்டு வெடித்தால்தான் போர்ப்படம் என்றால் உங்கள் கோபம் நியாயமானதே. ஆனால், அவை சிறுவர்களுக்கென்றே எடுக்கப்பட்டவை அல்ல. தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்கு முன், திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்னால், செய்திப்படத்தை ஒட்டிக் காட்டப்பட்ட சில நிமிடத் துண்டுப் படங்கள் அவை. விடுப்பில் வந்த சிப்பாயும், மகனைக் கப்பலேற்றிவிட்டு வந்த தாயும் உட்கார்ந்திருந்த அரங்கில் ஓடியவற்றைச் சிறுவர் படம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரு மாலுமிகளின் உடையைச் சற்றுக் கவனியுங்கள். 1929-இல் அமெரிக்கச் சித்திரக்காரர் எல்சி சேகர் தம் பத்திரிகைச் சித்திரத்தொடரில் படைத்த பாப்பாய், கறுப்புச் சட்டை அணிந்த சாதாரணக் கப்பல்காரன். அவனுக்கு வெள்ளைக் கடற்படைச் சீருடை வந்தது 1941 நவம்பரில் வெளியான கார்ட்டூனில். அதாவது, அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கி, அமெரிக்காவைப் போருக்குள் இழுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே. புளூட்டோவோ (டிஸ்னியின் நாயை இவனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) சித்திரத்தொடரில் 1932-இல் ஒரு கதைக்கு மட்டும் வந்துபோன முரடன். அவனை நிரந்தர எதிரியாக்கியவர்கள் கார்ட்டூன் எடுத்த ஃபிளைஷர் சகோதரர்கள். அந்த முரடனும் 1942-இல் அதே வெள்ளைச் சீருடையில் பாப்பாயின் சக மாலுமியாக வந்து நிற்கிறான். நாட்டின் சீருடையை மாட்டியவனை முழு வில்லனாகக் காட்டக் கூடாது என்பதால், இருவருக்கும் இடையிலான பழைய பகை, கரையிறங்கிய நேரத்தில் ஒரு பெண்ணுக்காக நடக்கும் போட்டியாகச் சுருங்குகிறது. காலியான எதிரியின் இடத்துக்கு, அதே ஆண்டில் வந்த வேறு பாப்பாய் படங்களில், பல்லை நீட்டிக் கண்ணாடி மாட்டி வரையப்பட்ட ஜப்பானியர்கள் வந்தார்கள். அந்த வெறுப்புச் சித்திரங்களை இன்று என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. காதல் போட்டிப் படங்களும் இவையும் ஒரே நிறுவனம், ஒரே ஆண்டில், ஒரே கதாநாயகனை வைத்து வெளியிட்டவை என்பதால்தான் ஒரே கணக்கில் எழுதினேன்.

அடுத்து, போட்டி நடக்கும் இடம். 1942 ஜனவரியில் வந்த ‘கிக்கின் த காங்கா ரவுண்ட்’ படத்திலும், 1944-இல் வந்த ‘வி ஆர் ஆன் அவர் வே டு ரியோ’ படத்திலும் ஆலிவ், லத்தீன் அமெரிக்க அழகியாகிவிடுகிறாள். ரியோ படத்தில் அவள் பிரேசிலின் சாம்பா நடனம் ஆடும் பாடகி. ஆடத் தெரியாத பாப்பாயைச் சாம்பா ஆட்டத்தில் மன்னன் என்று அவளிடம் சொல்லி மாட்டிவிடுகிறான் புளூட்டோ. பசலைக்கீரை வயிற்றுக்குள் போனதும் பாப்பாய் ஆடிக்கொண்டே அவனைப் புரட்டியெடுக்கிறான். படம் அழகானது, அதை மறுக்கவில்லை. ஆனால், ஐரோப்பியச் சந்தையைப் போரில் இழந்த ஹாலிவுட் தெற்கு நோக்கித் திரும்பியிருந்த காலம் அது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் நட்பைத் திரட்டுவதற்கென்றே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1940-இல் நெல்சன் ராக்ஃபெல்லர் தலைமையில் ஓர் அலுவலகம் திறந்தது. வால்ட் டிஸ்னி தென்னமெரிக்காவுக்குப் போய்வந்ததும் அதன் ஏற்பாட்டில்தான். 1942 ஆகஸ்டில் ஜெர்மனி, இத்தாலி மீது போர் அறிவித்த பிரேசில், ரியோ படம் வந்த அதே 1944-இல் இத்தாலியப் போர்முனைக்கு ஏறத்தாழ 25,000 வீரர்களை அனுப்பத் தொடங்கியது. இந்தச் சூழலில் இரண்டு அமெரிக்க மாலுமிகள் ரியோவின் பெண் ஒருத்தியைக் கவர அவள் நாட்டு ஆட்டத்தை ஆடத் தலைப்படுவது வெறும் காதல் கதைதான் என்று நீங்கள் நம்பினால், அதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்தப் போட்டியில் உள்ளூர் இளைஞன் ஒருவனுக்குக்கூட இடமில்லாமல் போனது ஏன்?

நிஜத்தில் அவன் இருந்தான். 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் அமெரிக்க மாலுமிகள் கூட்டங்கூட்டமாக இறங்கி, தொளதொள உடையணிந்த மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களை அடித்து, அந்த உடைகளை உரித்தெறிந்தார்கள். பெண்களைச் சீண்டியதாக இரு தரப்பிலும் எழுந்த குற்றச்சாட்டுகளும் அந்தப் பகைக்கு எண்ணெய் வார்த்தன. ரியோ படம் திரைக்கு வந்தது அதற்கு மறுவருடம்.

சரி, அரசியலை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1945 ஏப்ரலில் வந்த ‘ஷேப் அஹாய்’ படத்தில் பெண்வாடையே வேண்டாமென்று பாப்பாயும் புளூட்டோவும் ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஆலிவ் கரையொதுங்கியதும் சபதம் பறந்துபோகிறது, அடிதடி தொடங்குகிறது. கடைசியில் இருவரையும் விட்டுவிட்டு அவள் போவது அன்றைய புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் போல வரையப்பட்ட ஒல்லிப் பாடகனோடு. அன்றைய அரங்கில் ஏன் அத்தனை பேருக்கு அது புரிந்தது? செவிப்பறைக் குறைபாட்டால் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெற்ற சினாட்ரா ஊரில் பெண்களின் கனவாகிக்கொண்டிருக்க, கடலில் கிடந்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். 1944 அக்டோபரில் நியூயார்க்கின் பாரமவுண்ட் திரையரங்கு முகப்பிலிருந்த அவர் படத்தின் மீது மாலுமிகள் தக்காளியை வீசினார்கள். பாப்பாய் படங்களை வெளியிட்டதும் அதே பாரமவுண்ட் நிறுவனம்தான்.