புழுதிக்கு என்ன நிறம்?

வணக்கம்.

ஹங்கேரி ஓவியர் மிஹாய் முன்காச்சியின் ‘புழுதிச் சாலை’யை ஆயில் பெயிண்டில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய படங்கள் பெரும்பாலும் இருட்டாக இருப்பதால் கேன்வாஸ் முழுக்க அடர்பழுப்பு பூசி, வண்டியையும் குதிரைகளையும் கறுப்பில் வரைந்தேன். ஈரம் காயுமுன் வெள்ளையும் எல்லோ ஆக்கரும் (மண்மஞ்சள்) கலந்து மேலே புழுதி போட்டேன். வந்தது சேறு. மெல்லியதாகப் பூசிய இடங்கள் நீலம் பாய்ந்த சாம்பலாகத் தெரிகின்றன. நீலத்தை நான் தொடவே இல்லை! சுரண்டிவிட வேண்டியதுதானா?

ம., கோவை

அன்புள்ள ம.,

முன்காச்சியின் படங்களில் இன்று தெரியும் இருட்டு முழுவதும் அவர் தீட்டியதல்ல. அடிப்பூச்சில் அவர் பிட்டுமன் பயன்படுத்தினார். ரோட்டுக்குப் போடும் தாரின் வகையறாதான் அது. பூசிய அன்று தேன் மாதிரி பளபளக்கும்; 19ஆம் நூற்றாண்டில் பலர் அதில் மயங்கினார்கள். ஆனால் அது முழுதாக உலராது, கூடக் கலந்த எண்ணெயையும் உலர விடாது. மேல்பூச்சு இறுகிச் சுருங்கும்போது அடியில் பிடிமானம் இல்லாமல் முதலைத்தோல் போல அகலமாக வெடிக்கும். நாளாக நாளாகக் கறுக்கும். நீங்கள் நகலெடுத்தது அந்த மூப்பை. பழுப்பு வேண்டுமென்றால் ரா அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் துடைத்துவிடுங்கள். கேன்வாஸின் வெள்ளை பாதியாவது தெரிய வேண்டும்.

இந்தக் கருவை அவர் இரண்டு முறை தீட்டியிருக்கிறார். 1874இல் வரைந்த முதல் படம் புடாபெஸ்டில், ஹங்கேரிய தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் ஒவ்வொரு பிரதியிலும் மஞ்சள் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எனவே நிறத்தை போன் திரையோடு ஒப்பிட்டு மல்லுக்கட்ட வேண்டாம். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தை, அதாவது அடர்த்தி வித்தியாசத்தை, மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

அந்தத் தூரத்தில்தான் புழுதி இருக்கிறது. புழுதி என்பது தனி நிறமல்ல, பின்னால் உள்ள கருமையைத் தின்றுவிடும் திரை. அதற்குள் கறுப்புக்கு இடமே கிடையாது. வண்டியின் மிக அடர்ந்த பகுதியைக்கூட அம்பரில் வெள்ளை கலந்து நடுத்தரத் தொனிக்கு ஏற்றுங்கள். புழுதி தரையை ஒட்டித்தான் கனமாக இருக்கும். சக்கரத்தின் கீழ்ப்பாதியும் குளம்புகளும் முதலில் மறையும், குதிரையின் தலை கடைசிவரை தெரியும். சக்கரத்தை முழு வட்டமாக வரைந்துவிட்டு அழிப்பதை விட, கீழே வரையாமலே விடுவது மேல். தொலைவைக் காட்ட நீலம் சேர்க்கும் பழக்கமும் இங்கே உதவாது. மண்துகள் காற்றைப் போல நீலத்தைச் சிதறடிப்பதில்லை. எதிர்வெயிலில் அது வெளிறி, மஞ்சளாக ஒளிரும்.

இனி உங்கள் நீலம். அடர்நிறத்தின் மேல் வெள்ளையை மெல்லியதாக இழுத்தால் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரியும். கறுப்புத் துணிக்கு முன்னால் ஊதுபத்திப் புகை நீலமாகத் தெரிகிறதே, அதே கணக்கு. டைட்டானியம் ஒயிட் ஏற்கெனவே நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த வெள்ளை என்பதால் இன்னும் தூக்கலாகத் தெரியும். அடியில் இருட்டைக் குறைத்து, கலவையின் நிறத்தை மஞ்சள், சிவப்புப் பக்கம் சாய்த்தால் சரியாகிவிடும்: வெள்ளை மூன்று பங்கு, எல்லோ ஆக்கர் ஒரு பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) பிரஷ் நுனியளவு. ஒளி ஊடுருவுகிறதே என்று ஜிங்க் ஒயிட்டை மட்டும் வைத்து வேலை செய்யாதீர்கள், எண்ணெயில் அது நொறுங்கும் தன்மையுடையது.

சேறானதற்குக் காரணம் அவசரம். அடிப்பூச்சு தொட்டால் ஒட்டாத அளவு உலரட்டும். நீர்க்கப் பூசிய அம்பருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், மழைக்காலத்தில் கூடுதலாக. பிறகு பன்றிமுடிப் பிரஷில் கலவையை எடுத்து, பாதிக்கு மேல் துணியில் துடைத்துவிட்டு, கேன்வாஸின் மேடுகளில் மட்டும் படும்படி பக்கவாட்டில் தேய்க்க வேண்டும். எண்ணெய் சேர்த்தால் வழுக்கிக்கொண்டு பரவி, புழுதி கண்ணாடித்தாள் போலாகிவிடும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகே அடுத்தது. மூன்றாவது பூச்சில்தான் கனம் பிடிபடும்.

சுரண்டுவது பற்றி: ஈரம் இருக்கும்போதே பேலட் கத்தியால் வழித்து, டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். மிஞ்சும் கறையே நல்ல அடித்தளமாக அமையும். மேலே ஆடை கட்டிவிட்டிருந்தால் அதன் மேல் பூசாதீர்கள், அடியில் உலராத வண்ணம் உங்களுக்கும் ஒரு பிட்டுமன் ஆகிவிடும். வேறு கேன்வாஸ் எடுங்கள்.