தகிட தகிட தக தக தக

கேள்வி: ராக்கோடு ஸ்பெயினின் ஃபிளமென்கோ இசையைக் கலந்த சைக்கடெலிக் (கனவு மயக்க ஒலி) குழுக்களில் யாரை முதலில் கேட்கலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தயங்காமல் ட்ரியானா. 1974-ல் ஸ்பெயினின் செவியா நகரில் உருவான மூவர் குழு. குவாதல்கிவிர் ஆற்றின் மறுகரையில் உள்ள ஃபிளமென்கோ பேட்டையின் பெயர்தான் ட்ரியானா. 1975-ல் வந்த ‘எல் பாத்தியோ’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்தே வரிசையாகக் கேளுங்கள். ஹெசூஸ் தே லா ரோசாவின் கீபோர்டும் குரலும் மெல்ல விரியும், அந்தப் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்தை நெருங்கும். அவர்களுக்கு முன்னோடி அதே ஊர் ஸ்மாஷ் குழு. 1971-ல் வந்த ‘எல் கர்ரோத்தீன்’ பாட்டு போதும்.

கேள்வி: ஃபிளமென்கோ தாளமான புலேரியா வாசித்துப் பார்க்கிறோம். எங்கள் ட்ரம்ஸ் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்? (இசைக்குழு நண்பர்கள், கோவை)

பதில்: ஸ்நேர் ட்ரம்தான் காரணம். புலேரியா பன்னிரண்டு எண்ணிக்கை. பன்னிரண்டில் தொடங்கி 12, 1, 2, 3 என்று எண்ணுவார்கள். அழுத்தம் 12, 3, 6, 8, 10-ல் விழும். ராக் பழக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்று ஸ்நேர் அடித்தால் அது 1, 3, 5, 7, 9, 11-ல் போய் உட்காரும். ஐந்து அழுத்தங்களில் 3 மட்டுமே தப்பிக்கிறது.

சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு வழி எளிது: தகிட தகிட தக தக தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் அழுத்தம். ஒரு வாரம் கைத்தட்டு மட்டும். வேகம் காட்டும் மெட்ரோனோமை 100-ல் வைத்து, தடுமாறாமல் பத்துச் சுற்று வந்த பிறகே 110. ட்ரம்ஸில் உட்காரும்போது ஹை-ஹாட் சிம்பல் பன்னிரண்டு எண்ணிக்கையிலும், காலால் அடிக்கும் கிக் 12-ல் மட்டும், ஸ்நேர் 3, 6, 8, 10-ல். இதுவும் கடினமாக இருந்தால் நாலு எண்ணிக்கை ஃபிளமென்கோ தாளமான தாங்கோஸில் தொடங்குங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் விரல் விசிறி அடிக்கும் ராஸ்கெயாதோ கூழாகிறது. (வாசகர், மதுரை)

பதில்: ஆகத்தான் செய்யும். அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை டிஸ்டார்ஷன் நிரப்பிவிடும். எஃப் கார்டில் திறந்த இ தந்தியும் சேர்ந்தால் அரைச்சுர உரசல். சுத்தமான ஒலியில் அதுதான் ஃபிளமென்கோவின் சுவை, டிஸ்டார்ஷனில் வெறும் இரைச்சல். ராஸ்கெயாதோவை நைலான் கிட்டாருக்கு விட்டுவிடுங்கள். எலெக்ட்ரிக்கில் ஏ மைனர், ஜி, எஃப், இ இறக்கத்துக்கு ஒவ்வொரு கார்டின் மூலச் சுரமும் ஐந்தாம் சுரமும் போதும். நைலானைக் காந்த பிக்அப் பிடிக்காது, அதிர்வைப் பிடிக்கும் பீசோ பிக்அப் பொருத்துங்கள். மேடையில் ஊளையிட்டால் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து, 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைக் குறைத்துவிடுங்கள்.