ஐவயரில் 3டி பகுதி கறுத்துப்போகிறதா? புது லேப்டாப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஆராய்ச்சிக்குப் பொதுமக்கள் உதவும் ஐவயர் என்ற இணைய விளையாட்டில் எலியின் விழித்திரை நரம்பணுக்களுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். சாம்பல் நிற 2டி படம் ஒழுங்காக வருகிறது. 3டி உருவம்தான் திணறித் திணறிச் சுழல்கிறது. சில நேரம் திரை ஒருமுறை மினுக்கிவிட்டு அந்தப் பகுதி மட்டும் கறுத்துவிடுகிறது. இதே லேப்டாப்பில், அதேபோல் பொதுமக்கள் ஆராய்ச்சிக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளம் தடங்கலின்றி ஓடுகிறது. விண்டோஸ், குரோம், 4 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஜூனிவர்ஸ் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அங்கே பெரும்பாலான திட்டங்களில் பார்ப்பது புகைப்படம்தான். படம் இறங்கிவிட்டால் பிரவுசருக்குப் பெரிய வேலை இல்லை. ஐவயரிலோ, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களின் அடுக்குகளில் நீங்கள் தொடும் துண்டுகளைச் சேர்த்து நரம்பணுவின் கிளையை உடனுக்குடன் 3டியில் வரைய வேண்டும். சுழற்றும்போதெல்லாம் மறுபடி வரைய வேண்டும். பிரவுசருக்குள் 3டி வரைவதற்கான வெப்ஜிஎல் என்ற வசதி வழியாக இந்த வேலையைப் பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் விடுகிறது. 2டி நன்றாக வந்து 3டி மட்டும் மக்கர் செய்தால் இணைய வேகத்தைச் சந்தேகிக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் பிரவுசருக்கும் சிப்புக்கும் நடுவில்தான்.

சோதிப்பது சுலபம். குரோமின் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு ஜிபியு என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும், மிரள வேண்டாம். வெப்ஜிஎல் என்ற ஒரு வரி போதும். ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட்’ என்றிருந்தால் சிப் வேலை செய்கிறது. ‘சாப்ட்வேர் ஒன்லி’ என்றிருந்தால் சிப் சும்மா இருக்க, லேப்டாப்பின் மையச் செயலியான சிபியு தனியாக மாரடிக்கிறது. திணறலுக்கு வழக்கமான காரணம் இதுதான். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை இயக்கி, குரோமை மூடித் திறங்கள்.

அப்படியும் மாறவில்லையென்றால் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள், பழசாக இருக்கலாம். தொல்லை தரும் டிரைவர்களைக் குரோமே பட்டியல் போட்டு ஒதுக்கிவைக்கிறது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ புதிய டிரைவரை இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். அவை கொண்டுவரும் தலைவலி தனி. உங்களுடையது விண்டோஸ் 7 என்றால் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றிருக்கும். அப்போது முதலில் மாற்ற வேண்டியது இயங்குதளம்.

மினுக்கிவிட்டுக் கறுப்பது வேறு கதை. கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்குப் பதிலே தராவிட்டால், அது உறைந்துவிட்டதாக எண்ணி விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கிறது. அந்த மினுக்கல் அதன் அடையாளம். திரை திரும்பிவிடும், வெப்ஜிஎல் வரைந்து வைத்திருந்தது போய்விடும். பக்கத்தை ரீலோட் செய்தால் பெரும்பாலும் மீளும்.

அடிக்கடி நடந்தால் நினைவகத்தைப் பாருங்கள். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. விண்டோஸும் குரோமும் எடுத்தது போக 4 ஜிபியில் மிஞ்சுவது சொற்பம். வேலை செய்யும்போது வரைபடம், வீடியோ போன்ற டேப்களை மூடிவையுங்கள். செலவு செய்தே தீர வேண்டுமென்றால், ராமை 8 ஜிபியாக்க உங்கள் லேப்டாப்பில் இடமிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சில மெல்லிய மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், அவற்றில் வழியில்லை.

இன்னொன்று: மறைநிலைச் சாளரத்தில் உள்நுழைந்து பாருங்கள். நீங்களாக அனுமதிக்காவிட்டால் எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. எனவே அங்கே சரியாக ஓடினால் விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோவொரு எக்ஸ்டென்ஷன்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஒவ்வொன்றாக நிறுத்தினால் சிக்கிவிடும்.

எதுவும் பலிக்காவிட்டால் ஐவயர் குழுவுக்கு எழுதுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. இயங்குதளம், பிரவுசர் பதிப்பு, அந்த ஜிபியு பக்கத்தில் உள்ள சிப்பின் பெயர், எஃப்12 அழுத்தினால் கன்சோலில் சிவப்பில் தெரியும் வரிகளின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.