நியூ ஜெர்சியில் இருக்கும் எடிசனின் ஆய்வகமும் வீடும் போய்ப் பார்க்கத் தகுந்தவையா?

தாராளமாகப் போகலாம். ஆனால் 'பல்பு பிறந்த இடம்' என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். நானே அப்படிப் போனவன்தான்.

நான் குடியிருப்பது எடிசன் என்ற ஊரில். நம்ம ஊரிலிருந்து யார் வந்தாலும், "எடிசன் லேப் உங்க வீட்டுப் பக்கத்திலதானே?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் இருந்தது. 1877இல் போனோகிராபும் (ஒலியைப் பதிந்து திரும்பப் பாடும் கருவி) 1879இல் பல்பும் பிறந்த மென்லோ பார்க் இந்த ஊருக்குள்தான் வருகிறது. ஆனால் இப்போது அங்கே, உச்சியில் பெரிய பல்பு வைத்த நினைவுக் கோபுரமும் சின்ன அருங்காட்சியகமும்தான் உண்டு. மென்லோ பார்க் ஆய்வகத்தை ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில், டியர்பார்னில் திரும்பக் கட்டி, 1929இல் திறந்தார். நீங்கள் கேட்கும் ஆய்வகம் வெஸ்ட் ஆரஞ்சில், எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். எடிசன் 1887இல் கட்டி, சாகும் வரை வைத்திருந்த இடம்.

நான் அப்பாவோடு போனேன். அவர் கோயம்புத்தூர் கணபதியில் முப்பத்தைந்து வருடம் லேத் பட்டறை நடத்தியவர். அமெரிக்காவில் எதைக் காட்டினாலும், "நல்லாருக்குது கண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நயாகராவுக்கும் அதே வார்த்தைதான்.

முதலில் வருவது நூலகம். மரத்தாலான மூன்றடுக்கு, பழைய கோயில் மண்டபம் மாதிரி குளிர்ச்சி. எடிசனின் மேஜை இருக்கிறது. ஓரத்தில் அவர் படுத்து எழ ஒரு கட்டில். அப்பா கட்டிலை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் பட்டறையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தவர்தான்.

அப்புறம் தரைத்தளத்தின் பெரிய இயந்திரப் பட்டறைக்குள் நுழைந்தோம். அங்கேயே நின்றுவிட்டார். கூரையை ஒட்டி நீள நீளமான ஷாஃப்ட், அதில் வரிசையாகப் புல்லிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெல்ட் கீழே இருக்கும் இயந்திரத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. மேலே ஓடும் ஷாஃப்டிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் ஓட்டம். "நான் வேலை பழகுன பட்டறையில இதேதான் கண்ணு" என்றார். படிப்படியாக விட்டம் குறையும் புல்லியைக் காட்டி, வேகத்தைக் கூட்ட பெல்ட்டை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குத் தள்ள வேண்டும், ஓடும்போதே தள்ளினால் விரல் எப்படிப் போகும் என்றெல்லாம் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தமிழ் புரியாமலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே போய்விட்டது.

எனக்கு விஷயம் பிடிபட்டதும் அங்கேதான். பள்ளிப் பாடத்தில் எடிசன் தனியாக உட்கார்ந்து யோசிப்பார். இங்கே வந்தால் டர்னர், தச்சர், வேதியியல்காரர், கணக்கு எழுதுபவர் என்று ஒரு தொழிற்சாலையே அவருக்காக யோசித்திருக்கிறது. வேலையாட்கள் கார்டு அடிக்கும் கடிகாரத்தில் அவரும் கார்டு அடித்திருக்கிறார். சினிமா கேமராவில் பெரும்பங்கு வேலை அவரிடம் வேலை பார்த்த டிக்சனுடையது. அமெரிக்கக் காப்புரிமை 1,093 என்று சொல்லும்போது இந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். (விஞ்ஞானி டெஸ்லா எடிசனிடம் வேலை பார்த்தது இங்கேதானா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அவர் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தது 1884இல், நியூயார்க்கில். இந்தக் கட்டடம் அப்போது இல்லை.)

மாடியில் ஒரு பழைய சிலிண்டர் போனோகிராபைச் சாவி கொடுத்து முடுக்கிப் பாட வைத்துக் காட்டினார்கள். "கரண்டே இல்லாமயா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். ஆமாம், வில் சுருளும் ஊசியும் குழலும்தான். ஊருக்கே கரண்டு கொடுத்தவரின் செல்லப்பிள்ளை கரண்டு இல்லாமல் பாடியது. எடிசனுக்குச் சரியாகக் காது கேட்காது. பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, எலும்பு வழியே பாட்டுக் கேட்பாராம்.

வெளியே 'பிளாக் மரியா' என்ற கறுப்புத் தகரக் கொட்டகை மாதிரி ஒன்று நிற்கும். 1893இல் கட்டிய படப்பிடிப்புக் கூடத்தின் நகல் அது. கூரையைத் திறந்துவிட்டு, வெயில் போகும் பக்கம் கட்டடத்தையே திருப்புவார்கள். ஒரு பார்வை போதும்.

வீட்டின் பெயர் கிளென்மான்ட். ஆய்வகத்திலிருந்து சுமார் ஒரு மைல், லூவெலின் பார்க் என்ற தனியார் குடியிருப்புக்குள். நினைத்த நேரத்தில் நேராக அங்கே போய் நிற்க முடியாது; ஆய்வகத்தில் விசாரித்து அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் கிழமை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

29 அறைகள். 1886இல் இரண்டாம் மனைவி மினாவுக்காக வாங்கியது. அவரிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதே கையில் மோர்ஸ் தந்தி தட்டித்தான். முதல் மனைவியின் பிள்ளைகள் இருவருக்கு 'டாட்', 'டேஷ்' என்று தந்தியின் புள்ளியையும் கோட்டையும் செல்லப்பெயராக வைத்த ஆளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், ஆனால் உண்மையைச் சொன்னால் பணக்கார வீடு பணக்கார வீடு மாதிரிதான் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் ஆய்வகத்துக்கே கொடுத்துவிடுங்கள். 1931 அக்டோபர் 18 அன்று அவர் இறந்தது இந்த வீட்டில்தான். வீட்டின் பின்னால் புல்வெளியில் இரண்டு எளிய கற்களுக்கு அடியில் அவரும் மினாவும் இருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் அப்பா பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், லேத்துகளை எடுத்த போட்டோவை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். எடிசன் மேஜை படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பழைய பட்டறை ஆட்களுக்கு அவர் அனுப்பியதில் அந்த மேஜை மட்டும் இல்லை.