மூன்று டியூப் தீர்ந்தும் தீராத அரிப்பு

கேள்வி: எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது, சுகர் இருக்கிறது. எட்டு மாதமாகப் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு. சிறுநீர் பட்டால் சுரீரென்று எரிகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவினால் நாலு நாள் அடங்கும், அப்புறம் பழையபடிதான். மூன்று டியூப் தீர்ந்துவிட்டது. தினமும் கிருமிநாசினி ஊற்றிய வெந்நீரில் கழுவுகிறேன். சுத்தமில்லாதவள் என்று டாக்டர் நினைப்பாரோ என்று போகவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த வெந்நீரை நிறுத்துங்கள். சுத்தக்குறைவால் வந்ததல்ல இது. அந்த இடத்துத் தோல் மிக மென்மையானது. கிருமிநாசினியும் வாசனை சோப்பும் அதை இன்னும் புண்ணாக்கும். வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். உள்ளே கழுவவே வேண்டாம்.

சரி, இப்போது அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அவை ஸ்டீராய்டு. நம் கடைகளில் அரிப்புக்கு என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் க்ரீம்கள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு இதையும் கலந்திருப்பார்கள். ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும். ஆனால் உள்ளே இருப்பது பூஞ்சையாக இருந்தால், அது வளர வழிவிடும். நாலு நாள் அடங்கித் திரும்பவும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சுகர் மாத்திரை அட்டையையும் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவைதான். ஆனால் சிறுநீரில் இறங்கும் அந்தச் சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி. அரிப்பு ஆரம்பித்தது அந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். அது எகிறிக் கிடந்தால் எந்த க்ரீமும் நிலைக்காது.

ஆனாலும் இது பூஞ்சைதான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. பூஞ்சையானால் பெரும்பாலும் திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படும். மீன் வாடை அடித்தால் அது வேறு தொற்று. உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, உலர்ந்துபோயே எரியலாம். அதற்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு. தோல் காகிதம் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற நோயாக இருக்கலாம். அதற்கு மட்டும் அதே ஸ்டீராய்டுதான் மருந்து! ஆனால் மருத்துவர் பார்த்து, அளவு சொல்லித் தர வேண்டும். கவனிக்காமல் விட்டால் அரிதாகச் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வருவதும் உண்டு. அதனால் ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு எது இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

மகளிர் மருத்துவரிடம் போங்கள். பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள், அது ஒரு நிமிட வேலை. பூஞ்சை என்று உறுதியாகி, திரும்பத் திரும்ப வருவதாக இருந்தால், வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதம் வரை கொடுக்கும் முறை இருக்கிறது. அதையும் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள், மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா? "எட்டு மாதமாக அரிப்பு, எரிச்சல், இன்னின்ன க்ரீம் போட்டேன்" என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். சங்கடமே இல்லை, அவர்கள் தினமும் பார்க்கும் பிரச்சினை இது. போவதற்குச் சில நாள் முன்பிருந்தே க்ரீம் எதுவும் தடவ வேண்டாம், தடவினால் பரிசோதனையில் சரியாகத் தெரியாது. தீர்ந்துபோன டியூபையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.